அரசலாற்றின் தென்கரை – 9: சாதிச் சட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள்

காரைக்கால் துறைமுகத்தில் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டு மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ரெயூனியோனுக்கும் கப்பலேறியவர்களைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கப்பலேறாமல் நெரவியிலும் விழிதியூரிலும் ஊழியப்பத்திலும் தங்கிவிட்டவர்களுக்கு வேறொரு புத்தகத்தில் கையெழுத்துப் போடும் வாய்ப்பு 1881இல் வந்தது. கையெழுத்துப் போட்டவன் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. சாதிச் சட்டத்தைவிட்டு மட்டும் போகவேண்டும்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பாரிசில் ஓர் ஆணை பிறந்தது. பிரெஞ்சிந்தியாவில் பிறந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், எந்தச் சாதியாயினும் எந்த மதமாயினும், இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் அதுவரை தம்மை ஆண்ட குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அது. எத்தா சிவில் எனும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அதிகாரியிடம் போய்ச் சொல்லிப் பதிந்துகொண்டால் போதும். பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் நொத்தேரிடமும் போகலாம். பதியும்போது, இனித் தனக்கும் தன் சந்ததிக்கும் வழங்கப்போகும் குடும்பப் பெயர் ஒன்றையும் சொல்லவேண்டும். அப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது. சாதிப்பட்டமும் செல்லாது. ஒருமுறை பதிந்தபின் திரும்பப் பெறவும் முடியாது.

இப்படிப் பதிந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். காரைக்கால் வட்டாரத்தில் இன்றைக்கும் புழங்குகிற சொல் இது. இந்தியக் குடியரசின் சட்டப் புத்தகத்திலும் இச்சொல் இருக்கிறது. அது அங்கே ஏறிய கதையைப் பின்னால் பார்ப்போம்.

சாதியைத் துறக்க ஓர் அரசு ஏன் ஆணை போடவேண்டியிருந்தது? அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னால் போகவேண்டும். தஞ்சை மராத்திய அரசனிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றார்கள். 1760இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அதன்பின் பலமுறை கைமாறி 1817 ஜனவரியில் மீண்டும் பெற்றார்கள். வந்து நிலைத்ததும் தம் சட்டத் தொகுப்புகளை இங்கே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை அதுதான். ஆனால் அதே ஆணையில் ஒரு விலக்கும் இருந்தது. இந்தியர்கள், கிறித்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும்தான் தீர்ப்பு வழங்கப்படுவார்கள் என்றது அது.

இந்த விலக்கைப் பலரும் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி ஒழுங்காக வரவேண்டும், ஊரில் கலகம் கூடாது, அதற்குச் சாதித் தலைவர்களைப் பகைத்துக்கொள்ளக்கூடாது. கணக்கு அவ்வளவுதான். எந்த மாமூல் எந்தச் சாதிக்கு உரியது என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். சாதிப் பெரியவர்கள் அமர்ந்த குழு அது. தத்து, பாகப்பிரிவினை, விதவையின் சீவனாம்சம், கோயில் மரியாதை என்று நீதிபதிகள் கேட்ட கேள்விகளுக்கு அது பதில் எழுதிக்கொண்டே இருந்தது. அந்தப் பதில்களை லியோன் சோர்க் என்ற நீதிபதி பிற்பாடு தொகுத்து அச்சிட்டார். காரைக்காலில் ஒரு சொத்து வழக்கு நடந்தால், வழக்காடுகிறவன் எந்தச் சாதி என்பது முதலில் தெரியவேண்டும். அதன்பிறகே அவனுக்குரிய நியாயம் எது என்று தெரியும்.

சாதிக் கட்டுக்குள் கிறித்தவரும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள் பறையர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றியும் அதை ஒட்டி எழுந்த சச்சரவைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745இலேயே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றதால் ஒருவனுடைய சாதி மாறிவிடவில்லை. 1819 ஆணையோ அந்தச் சாதியையே அவனுக்குச் சட்டமாக்கியது.

அரசியலில் நிலைமை வேறு. 1848 புரட்சியில் பிறந்த குடியரசு அடிமை முறையை ஒழித்தது. பிரெஞ்சிந்தியாவுக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கொடுத்தது. பிறகு அந்த இடம் பறிபோயிற்று. 1871இல் திரும்பி வந்தது. வயது வந்த ஆண் எவனும் வாக்களிக்கலாம். அப்போது அரசலாற்றுக்குத் தெற்கே சில மைல் நடந்தால் நாகூர். அது ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். அங்கே மிராசுதாருக்கே நாடாளுமன்ற வாக்கு கிடையாது. இங்கே நெரவிப் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன் பாரிசுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதே ஆள் தன் தெருவைவிட்டு மேலத் தெருவுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகமுடியாது. சட்டம் அவனைக் குடிமகன் என்றது. ஊர் அவனைப் பண்ணையாள் என்றது. இரண்டையும் அதே அரசுதான் காத்துவந்தது.

செருப்பைப் பற்றிப் பேசும்போது பொன்னுத்தம்பிப் பிள்ளையைச் சொல்லாமல் போகமுடியாது. புதுச்சேரி வழக்கறிஞர். 1873 ஜனவரியில் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் நீதிபதி முன் அப்படி வரக்கூடாது என்பது அன்றைய மாமூல். நீதிபதி அவரை வாதாட விடவில்லை. பொன்னுத்தம்பி பணியவில்லை. வழக்கைப் பாரிசின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் வரைக்கும் கொண்டுபோய் வென்றார். பாரிசில் அவருக்குத் துணைநின்ற வழக்கறிஞர் ழூல் கொதேன் 1876இல் பிரெஞ்சிந்தியாவின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

பொன்னுத்தம்பி வேளாளர். தாழ்த்தப்பட்டவர் அல்லர். ஆனால் அந்த வழக்கில் அவர் எழுப்பிய கேள்வி சாதி கடந்தது. நீதிமன்றத்தில் ஒருவன் எப்படி நிற்பது என்பதை அவன் பிறந்த கூட்டத்தின் வழக்கம் தீர்மானிக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த 1881 ஆணைக்குப் பின்னால் அவருடைய முயற்சியும் இருந்தது. ஆணை வந்ததும் முதல் வரிசையில் நின்று பதிந்து லாபோர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அதன்பின் அவரைப் பொன்னுத்தம்பி லாபோர்த் என்றே அழைத்தார்கள்.

அந்த 1881ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் நினைக்கத்தக்கது. பிரான்சின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில் வந்தது. அது குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டமே சொன்னது. 1908இல் சென்னையில் அடக்குமுறை முற்றியபோது பாரதியும் 'இந்தியா' பத்திரிகையும் புதுச்சேரிக்கு வந்து இடம் பிடிக்க முடிந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். எழுதும் உரிமையைப் பெற எவரும் எதையும் துறக்கவேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு மண்ணில் இருந்தால் போதும். சொத்து, திருமணம், வாரிசு என்று வந்தபோதுதான், முதலில் உன் கூட்டத்தைவிட்டு வெளியே வா, பிறகு உனக்கு உரிமை தருகிறேன் என்றது அரசு.

யார் வெளியே வந்தார்கள்? இந்துக்களில் மிகச் சிலர். முஸ்லிம்கள் அநேகமாக எவரும் இல்லை. மரைக்காயர் குடும்பங்களுக்குத் திருமணமும் வாரிசும் ஷரீஅத்தின்படி நடக்கவேண்டியவை. அதை விட்டுக்கொடுத்துப் பெறவேண்டிய உரிமை எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. பதிந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களிலும் சாதியின் அடித்தட்டில் இருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு விட்டுவிட அதிகம் இல்லை. ஊர் மரியாதையில் அவர்களுக்குப் பங்கில்லை. பங்கு பிரிக்க நிலமும் இல்லை. ஒரு கையெழுத்தில் பழைய அடையாளம் எழுத்தளவிலாவது போய்விடும், பிள்ளை பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயரில் ஏறும் என்றால் போடாமல் இருப்பானா? பதவி ஆசைக்காக மேல்தட்டினர் சிலர் பதிந்தார்கள் என்று சொல்வது உண்மைதான். அதை வைத்து எல்லோரையும் அளப்பது அநியாயம். சாதியால் நசுங்கிய ஒருவன் பதிவேட்டில் புதுப் பெயர் எழுதிக்கொண்டதை நான் பெரிய காரியம் என்றே சொல்வேன்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி வழக்கத்தைக் காக்கப் புறப்பட்ட கட்சி, இந்துக்களின் வாக்கு எண்ணிக்கையைக் கையில் வைத்திருந்தது. 1908 வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிரெஞ்சிந்திய அரசியல் அவர் சொன்னபடி நடந்தது. இந்த எதிர்ப்பின் மையத்தில் இருந்தது வாக்காளர் பட்டியல். அதுவரை இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. சில நூறு ஐரோப்பியரும் பல்லாயிரம் இந்தியரும் உள்ளூர் மன்றங்களின் இடங்களைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ரெனோன்சான்கள் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்களே, அவர்கள் எந்தப் பட்டியலில் நிற்பது? நாங்கள் பிரெஞ்சுக்காரர், முதல் பட்டியல்தான் எங்களுக்கு என்றார்கள் அவர்கள். வெள்ளைக்காரர்களில் பலருக்கு அது பொறுக்கவில்லை. சாதி இந்துக்களுக்கும் பொறுக்கவில்லை. நேற்றுவரை சேரியில் இருந்தவன் ஐரோப்பியப் பட்டியலில் நின்று மன்றத்துக்கு ஆள் அனுப்புவதா?

1884இல் வந்த முடிவு மூன்றாவது பட்டியல். ஐரோப்பியர் ஒரு பட்டியல், ரெனோன்சான்கள் ஒரு பட்டியல், மற்ற இந்தியர் ஒரு பட்டியல். தனி மனிதனாகப் பதிந்து கூட்டத்தைவிட்டு வெளியே வந்தவர்களை அரசு பிடித்து இன்னொரு கூட்டமாகக் கட்டிவிட்டது. என் பார்வையில் இந்தக் கதை முழுவதிலும் மிக வருந்தத்தக்க இடம் இதுதான். சாதியை உதறியவன் என்று சட்டம் சொல்ல, வாக்குச் சாவடியில் அவனுக்கு மறுபடி ஒரு சாதி கிடைத்தது. 1899இல் அந்த மூன்றாவது பட்டியலும் போயிற்று. பழையபடி இரண்டே பட்டியல்.

உள்ளூரில் கிடைக்காத மதிப்பைத் தேடிப் பலர் கடல் கடந்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி வேரூன்றிய காலம் அது. சைகோனில் சுங்கம், காவல், சிறை, கலங்கரை விளக்கம் என்று கீழ்நிலை, இடைநிலை வேலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால், புதுச்சேரித் தமிழர் போனார்கள். போன இடத்தில் ரெனோன்சான்கள் கேட்டது எளிமையான ஒன்று. நாங்கள் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்ட பிரெஞ்சுக்காரர், ஆகவே ஐரோப்பியருக்குக் கொடுக்கும் சம்பளத் திட்டமும் விடுப்பும் எங்களுக்கும் வேண்டும். நிர்வாகம் இழுத்தடித்தது. அவர்கள் மனுமேல் மனு போட்டு, வழக்காடி, வாக்குரிமையைக் காட்டி மிரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றார்கள். இந்தியர்களின் வாக்கு, சைகோன் அடங்கிய கொச்சின்சீனாவின் நாடாளுமன்ற உறுப்பினரையே தீர்மானிக்கும் அளவுக்குப் போயிற்று. வியட்நாமிய மக்களுக்கு அந்த வாக்குரிமை இல்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். நம்மவர் பெற்ற உரிமை அந்த மண்ணின் மக்களுக்கு மேலே நின்று பெற்ற உரிமை. அவர்கள் அதை மறக்கவில்லை.

சைகோன் பணம் காரைக்காலுக்கு வந்தது. மாடி வீடுகள் எழுந்தன, நிலம் வாங்கப்பட்டது, பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனார்கள். சொல்தாவாக, அதாவது படைவீரராக, போனவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது.

இனி வீட்டுக்குள் நடந்ததைப் பார்க்கவேண்டும். பிரெஞ்சு உரிமையியல் சட்டம் ரெனோன்சான் குடும்பத்துக்கு என்ன செய்தது? பெரிய மாற்றம் வாரிசில். அந்தச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். பெற்றோர் சொத்தில் ஆளுக்கு ஒரே பங்கு. இந்து வழக்கத்தில் மகன் இருக்கும்போது மகளுக்குப் பங்கில்லை. சீரும் நகையும் கொடுத்து அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பிரெஞ்சிந்திய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட இந்து வழக்கில், ஆங்கிலேய இந்தியாவில் இருந்ததுபோல் மகனுக்குப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை கிடையாது. அப்பன் உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுவதும் அவனுடையது. விற்கலாம், கொடுக்கலாம், மகனால் தடுக்க முடியாது. நாகூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு இருந்த உரிமை நெரவியில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு இல்லை. பிரெஞ்சு உரிமையியல் சட்டமோ அப்பனின் கையையும் கட்டியது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியையும், இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கையும், அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்று பங்கையும் உயில் எழுதிக்கூடப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கமுடியாது.

மகளுக்குச் சமபங்கு. 1881இல். இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்தியாவில் வந்தது 1956இல். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை வந்தது 1989இல். அகில இந்திய அளவில் 2005இல். அரசலாற்றங்கரைச் சேரியில் பிறந்த ஒரு பெண், அவள் அப்பா போட்ட கையெழுத்தால், இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் முன்பே சட்டத்தின் முன் தன் அண்ணன் தம்பிக்குச் சமமாகிவிட்டாள். பிரிப்பதற்குக் குடிசை மட்டுமே இருந்த வீடுகளில் இதற்கு என்ன பொருள் என்று கேட்கலாம். சைகோன் பணம் வந்த வீடுகளில் பொருள் இருந்தது.

ஆனால் அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. கணவன் பதிந்தால் அவனோடு அவன் மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். தனி மனிதனின் சுதந்திரமான முடிவு என்று பேசிய ஆணை, வீட்டுக்குள் அந்தத் தனி மனிதன் ஆண் என்றே வைத்துக்கொண்டது. அவர்கள் போய்ச் சேர்ந்த சட்டமும் பெண்ணை முழு மனிதராகப் பார்க்கவில்லை. 1804இல் நெப்போலியன் கொண்டுவந்த அந்தத் தொகுப்பில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று எழுதியிருந்தது. மணமான பெண் கணவன் அனுமதியின்றி வழக்காடவோ சொத்தை விற்கவோ முடியாது. பிரான்சிலேயே அந்தத் தடை 1938இல்தான் நீங்கியது. மகளாக அவள் சமம், மனைவியாக அவள் கீழே. ஒருதார மணம் கட்டாயமானதும், 1884க்குப் பிறகு மணவிலக்குக்குப் பிரான்சின் சட்டம் இடம் கொடுத்ததும் உண்மையான லாபங்கள். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

இந்தப் பதிவுகள் நடந்த இடத்தையும் சொல்லவேண்டும். நெரவிக்குத் தனி மேரி, அதாவது நகராட்சி அலுவலகம், வந்தது 1881 ஆணைக்குப் பல ஆண்டுகள் கழித்து. 1880இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் எனும் நகராட்சிகள் பத்து ஏற்பட்டபோது காரைக்கால் பகுதிக்குக் கிடைத்தவை மூன்று: காரைக்கால், பிரெஞ்சுக்காரர் கிராந்தால்தே என்று அழைத்த திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. 1907இல் கொம்யூன்கள் பதினேழாகப் பெருகியபோது கோட்டுச்சேரி, திருநள்ளாறு ஆகியவற்றோடு நெரவியும் தனி கொம்யூன் ஆயிற்று. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் உள்ளூரிலேயே பதியப்பட்டன. கொம்யூன் தேர்தல்களின் கதை பெரியது. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

இரட்டைப் பட்டியல் ஒழிய இரண்டாம் உலகப் போர் முடியவேண்டியிருந்தது. 1945இல் ஒரே பட்டியல், ஒரே வாக்கு என்று ஆயிற்று. பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. ரெனோன்சான், ரெனோன்சான் அல்லாதவர், வெள்ளையர் எல்லோரும் ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். அரசியலில் ரெனோன்சானுக்கு இருந்த தனிப் பயன் அன்றோடு முடிந்தது. துறக்காதவனுக்கும் அதே உரிமை கிடைத்துவிட்டது. அப்படித்தான் கிடைத்திருக்க வேண்டும், முதலிலிருந்தே.

ஆட்சி மாறிய விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. 1954 அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் கூடி வாக்களித்தவர்கள் 178 பேர். எல்லோரும் மக்கள் பிரதிநிதிகள், கொம்யூன் உறுப்பினர்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. மண் எந்த நாட்டுக்கு என்பதைப் பிரதிநிதிகள் முடிவு செய்தார்கள். மனிதர் எந்த நாட்டவர் என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை இடம் வைத்தது. அது 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக்கொடுத்தவர்கள் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஓய்வூதியம் வாங்கிய வீடுகளுக்கு இது பெரிய முடிவு. சேதி சரியாகத் தெரியாமல் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் இருந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனதும் உண்டு. இங்கே பலரும் குழம்புகிற ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரெனோன்சான் என்பது ஒன்று, பிரெஞ்சுக் குடியுரிமை என்பது வேறு. 1962இல் ரெனோன்சான் அல்லாதவரும் பிரான்சைத் தேர்ந்தெடுக்கலாம். ரெனோன்சான் குடும்பம் எதுவும் எழுதிக்கொடுக்காமல் இருந்து இந்தியக் குடிமக்களாகவும் ஆகலாம். அப்படி ஆனவர்கள் பலர். அவர்களுக்கு எந்தச் சட்டம்?

1963இல் இந்தியச் சட்டங்கள் பல புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. இந்துத் திருமணச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் போன்றவை வந்தபோது, இவை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஒரு விதி சேர்த்தார்கள். அந்தச் சொல் இந்தியச் சட்டத்தில் ஏறியது இப்படித்தான். 1881இல் யாரோ ஒரு பாட்டன் போட்ட கையெழுத்து, அவனுடைய கொள்ளுப் பேத்தி வாக்காளர் அடையாள அட்டை வைத்திருக்கும் இந்தியக் குடிமகளாக இருந்தாலும், அவளுடைய வாரிசுரிமையை இன்றுவரை பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த புதுச்சேரிக்காரர் தாவீது அன்னுசாமி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பொது உரிமையியல் சட்டம் வேண்டும், வேண்டாம் என்று தில்லியில் விவாதிக்கிறவர்கள் எப்போதும் கோவாவைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். காரைக்காலை எவரும் நினைப்பதில்லை. கோவாவில் எல்லோருக்கும் ஒரு சட்டம் வந்தது. இங்கே விரும்பியவருக்கு மட்டும் ஒரு வாயில் திறக்கப்பட்டு, பல ஆயிரம் பேர் அதன்வழி நடந்தும் காட்டினார்கள். ஆராய வேண்டிய அனுபவம் இதுவல்லவா?

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4ஆம் தேதி வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை விட்டுத் தனி மனிதனை அரசியல் சட்டத்தின் அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமம் பற்றி அவர் சொன்ன கடுமையான சொற்களுக்காகப் பலர் அப்போதே கோபப்பட்டார்கள். நெரவியின் கதையைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பேச்சு இன்னும் ஆழமாகப் புரிகிறது. 1881 ஆணையும் தனி மனிதனைத்தான் அலகாகக் கொண்டது. ஆனால் வெளியே வருகிறவனை மட்டும். உள்ளே இருப்பவனைச் சாதியின் கையிலேயே விட்டுவைத்தது. இந்திய அரசியல் சட்டம் எவனையும் எதையும் துறக்கச் சொல்லவில்லை. உன் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோவிலும் உனக்கு இருக்கட்டும், தீண்டாமை குற்றம், நீ சமம் என்றது. துறந்தவனுக்குக் கொடுக்கும் உரிமை, துறக்க முடியாத ஏழைக்கும் துறக்க விரும்பாத பக்தனுக்கும் பயன்படாது. உரிமையை உள்ளே கொண்டுவந்து கொடுப்பதுதான் கடினமான வேலை. அந்த வேலை முடியவில்லை. 1968 கிறிஸ்துமஸ் இரவில் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டபோது அரசியல் சட்டத்துக்கு வயது பதினெட்டு.

ரெனோன்சான் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நெரவியிலும் சுற்றுப்புறத்திலும் நிலம் விலையேறிவிட்டது. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், கிரயம் என்று நாள்தோறும் எழுதப்படுகின்றன. எழுதுகிற பலருக்குத் தம் குடும்பம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்றே தெரியவில்லை. தாத்தா, பாட்டியின் திருமணப் பதிவையும் பிறப்புப் பதிவையும் தேடி எடுங்கள். பழைய பிரெஞ்சுத் தாள் என்று பரணில் போட்டு மட்கவிடாதீர்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால், குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளைப் பிரான்சில் எய்க்ஸ் நகரக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், அங்கும் கேட்டுப் பாருங்கள். சாதியைத் துறந்ததாக அதில் பதிவு இருந்தால், விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்குமுன், அவர்களுக்குச் சமபங்கு உண்டு என்பதை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.